பலகையில் இல்லாத வட்டம்

எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வெளியே போக வேண்டுமானால், அது முதலில் காகிதத்துக்கு வர வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் சிரித்து ஓய்ந்து வருஷக்கணக்கில் ஆகிறது. நாங்கள் கணினியில் கடிதத்தைத் தட்டி முடித்து 'அனுப்பு' என்பதை அழுத்துவோம். அது அனுப்பாது. மாடியில் இருக்கும் விழிப்புப் பிரிவின் அச்சுப்பொறியில் போய் விழும். அங்கே ஒப்புநோக்கர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்தக் கணினியோடும் சேராத ஒரு விசைப்பலகை அவர் மடியில் இருக்கும். காகிதத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் அந்தப் பலகையில் தேடிப் பிடித்து, ஆள்காட்டி விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார். எல்லா எழுத்துக்கும் விசை இருந்தால் 'ஐயத்துக்கு இடமில்லை' என்று முத்திரை குத்துவார். அதற்குப் பிறகுதான் கீழே அடைபட்டுக் கிடக்கிற மின்னஞ்சலுக்கு விடுதலை.

இந்த ஏற்பாடு எதற்கு என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். எப்போதோ யாரோ ஒருவர், கடிதத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, இயக்குநரைப் பற்றி நாலு வரி எழுதி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிவிட்டாராம். எழுதியவர் பிடிபடவில்லை. என்ன எழுதினார் என்பதும் யாருக்கும் தெரியாது, வெள்ளையில் வெள்ளை அல்லவா! ஆகவே, எல்லோரும் எழுதியிருக்கலாம் என்ற அடிப்படையில் அன்று முதல் நிர்வாகம் நடந்துவருகிறது. அச்சடித்தால் மட்டும் வெள்ளை எழுத்து தெரிந்துவிடுமா என்று ஒருத்தர் கேட்டார். தெரியாது என்பது உமக்கு எப்படித் தெரியும் என்று அவரை விசாரித்தார்கள். அவர் இப்போது வேறு ஊர்க் கிளையில் இருக்கிறார்.

என் வேலை சின்ன வேலை. எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக மருந்துக் கிடங்குகள் உண்டு. கிடங்குகளில் குளிரறை உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குப் போகிற ஊசி மருந்து, குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பு மருந்து எல்லாம் அதற்குள்தான் இருக்கும். உள்ளே இரண்டிலிருந்து எட்டு டிகிரி வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் மருந்து கெட்டுப்போகும். கிடங்குக் காப்பாளர் வெப்பநிலையைப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும், நான் அதைப் பராமரிப்புப் பிரிவுக்கு மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். பராமரிப்புப் பிரிவு அதே கட்டடத்தில், எனக்கு நேர் எதிர் வாசலில் இருக்கிறது. எட்டிப் பார்த்துச் சொன்னால் செல்லாது.

அந்தக் கிடங்குக் காப்பாளன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரியவந்தால் நீங்களும் என்னைச் சந்தேகப்படுவீர்கள்.

ஒருநாள் காலையில் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, ரூம் ஒம்பதுக்கு ஏறிடுச்சு. கம்ப்ரஸர் ஒரு மாதிரி இருமுது. சீக்கிரம் ஆர்டர் வாங்கிக் குடுங்க."

"நீயே ஆளைக் கூப்பிட்டுப் பாக்கலாம்ல?"

"ஆர்டர் இல்லாம ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது மாமா. மருந்து கெட்டா என்னைத்தான் தூக்கிப் போடுவாங்க. வேலையும் போயிடும்."

நான் உடனே கடிதம் தட்டினேன். வழக்கமாக 'டிகிரி' என்று எழுத்தில்தான் எழுதுவேன். என் போதாத காலம், அதற்கு முந்தின வாரம்தான் மௌஸ் மாற்ற வந்த ஒருவர், போகிற போக்கில் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கத்து எண்களில் பூஜ்யம், ஒன்று, ஏழு, ஆறு என்று தட்டிவிட்டுக் கையை எடுத்தால், எண்ணின் தலைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு வட்டம் வந்து உட்காரும். எனக்குப் பிடித்துப்போயிற்று. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே புது விஷயம் அது. 'குளிரறை 9°. உடனே கவனிக்கவும்' என்று எழுதி அனுப்பினேன்.

ஒப்புநோக்கர் மத்தியானம் வரை வட்டத்தைத் தேடியிருக்கிறார். பூஜ்யத்தை அழுத்திப் பார்த்தாராம், அது பெரிதாக இருந்தது. ஆங்கில ஓவை அழுத்தினாராம், அது தரையில் நின்றது. பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கமும் பார்த்தாராம். கடைசியில் காகிதத்தை ஒரு உறையில் போட்டு, கை படாமல் இடுக்கியால் பிடித்து, விழிப்பு அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

விழிப்பு அதிகாரி ஒரே நாற்காலியில் இரண்டு நாள் உட்காராதவர். உட்கார்ந்தாலும் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பேசுவார். நான் உள்ளே போனதும் என் கைகளைப் பார்த்தார்.

"இது என்ன?"

"டிகிரிக்குப் போடுற வட்டம் சார்."

"பலகையில இந்தச் சாவி எங்க இருக்கு? காட்டுங்க."

"இல்ல சார்."

"இல்லாத சாவியை எப்படி அழுத்துனீங்க?"

சொன்னேன். பூஜ்யம், ஒன்று, ஏழு, ஆறு, கையை எடுத்தால் வரும் என்று விளக்கமாகவே சொன்னேன்.

"என்னது? கையை எடுத்தாதான் வருமா?"

"ஆமா சார். அழுத்திக்கிட்டு இருக்கிற வரைக்கும் வராது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் எத்தனையோ கேஸ் பாத்திருக்கேன். எல்லாரும் 'நான் கை வைக்கவே இல்ல சார்'னு சாதிப்பாங்க. கை வைக்காம செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான். யார் சொல்லிக் குடுத்தா?"

"மௌஸ் மாத்த வந்தவர் சார்."

"மௌஸ் மாத்த வந்தவன் கீபோர்டைப் பத்தி ஏன் பேசணும்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்கூட ஒரு கணம் தோன்றியது. மௌஸ்காரரின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். பெயர் தெரியாத ஆளிடம் நாலு எண் வாங்கியவர் என்று என்னைப் பற்றி எழுதிக்கொண்டார்.

"சார், அந்த மெயில் போனாதான் குளிரறையை ரிப்பேர் பண்ணுவாங்க. மருந்து இருக்கு."

"மருந்து எங்கயும் ஓடிடாது. நீங்க ஓடிடக் கூடாது. அதான் இப்ப முக்கியம்."

மறுநாள் குளிரறை பதினொன்றுக்குப் போனது. மைத்துனன் மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டிகளுக்கு மாற்றியிருந்தான். ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் மாமா என்று கேட்டபோது அவன் குரல் உடைந்துவிட்டது. இந்தத் தடவை புத்தியாக, வட்டமே இல்லாமல், 'பதினொரு டிகிரி' என்று அட்சரம் அட்சரமாகத் தட்டி அனுப்பினேன். ஒப்புநோக்கர் எல்லா விசையையும் அழுத்திப் பார்த்தார். எல்லாம் இருந்தது. ஆனாலும் கடிதம் நின்றுவிட்டது.

"நேத்து வட்டம் போட்டவர் இன்னிக்கு ஏன் போடல?" என்று கேட்டார் விழிப்பு அதிகாரி. "எதை மறைக்கிறீங்க?"

"நீங்கதான் சார் போடக் கூடாதுன்னு..."

"போடக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. எப்படிப் போட்டீங்கன்னுதான் கேட்டேன். உடனே நிறுத்திட்டீங்க. சாட்சியத்தை அழிக்கிறதுன்னா இதுதான்."

போட்டால் குற்றம், போடாவிட்டால் குற்றத்தை மறைத்த குற்றம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் அடுப்படியில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கூடப் பிறந்தவன் விஷயமாயிற்றே. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"வட்டம் மட்டும் இல்ல, இப்படி நம்பர் தட்டுனா எத்தனையோ வருமாம். இதயம்கூட வருமாம்."

கரண்டி நின்றது.

"யாருக்குப் போட்டீங்க?"

"ஐயோ, நான் போடவே இல்ல."

"போட்டுப் பாக்காம வரும்னு எப்படித் தெரியும்?"

"அந்த மௌஸ்காரர் சொன்னார்."

"ஆம்பளைங்க ரெண்டு பேர் உக்காந்து இதயம் எப்படி வரும்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. ஆபீஸ் நேரத்துல. ம்."

விழிப்பு அதிகாரிக்குக்கூடத் தோன்றாத கேள்விகள் அன்று சாப்பாட்டோடு வந்தன. குழம்பில் உப்பு இல்லை என்பதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

அடுத்து அலுவலகத்தில் எல்லோருடைய விசைப்பலகைக்கும் சோதனை வந்தது. வலப்பக்கத்து எண்களின் மேல் அகலமான நாடாவை ஒட்டி, நாடாவின் மேல் விழிப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டார். எனக்குப் பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கிற அம்மா, பாவம், நாளெல்லாம் எண்களையே தட்டுகிறவர். அவர் கை பழக்கத்தில் நாடாவின் மேலேயே தட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவரும் 'பலகையில் இல்லாத எழுத்தை வரவழைக்க எனக்குத் தெரியாது' என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். அதிலிருந்து குடிதண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் என்னால் நிம்மதியாகத் தண்ணீர் பிடிக்க முடியவில்லை. அந்த மௌஸ்காரர் மற்ற மேசைகளிலும் இதயத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருப்பார் போலிருக்கிறது, ஒவ்வொருவராக வந்து காதோடு காதாகக் கேட்டார்கள்.

"அந்த இதயம் எப்படிங்க வரும்?"

"உங்களுக்கு எதுக்குங்க?"

"தெரியாதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்களே. எது தெரியாதுன்னாவது தெரிஞ்சாதானே மனசாட்சியோட எழுத முடியும்?"

எனக்கு இதயம் தெரியாது, வட்டம்தான் தெரியும் என்று எவ்வளவு சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. இவன் பெரிய ஆள், சொல்ல மாட்டான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு மேசையில் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகின.

குளிரறை பதின்மூன்றைத் தொட்டது. அன்று சாயங்காலம் மைத்துனன் கூப்பிட்டபோது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மாமா, திட்டாதீங்க. தெருமுனையில ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ற அண்ணனைக் கூட்டிட்டு வந்துட்டேன். கேஸ் லீக்காம். மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டுப் போயிட்டார். இப்ப அஞ்சுல நிக்குது. மருந்தையெல்லாம் உள்ள வெச்சிட்டேன். ஒண்ணும் கெடல."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை போலிருக்கிறது. 'குளிரறை சரியாகிவிட்டது, ஐந்து டிகிரி' என்று உடனே ஒரு கடிதம் அனுப்பித் தொலைத்தேன். அதை ஒப்புநோக்கர் படித்த கையோடு விசாரணைக் குழு கூடிவிட்டது.

நீளமான அறை, நீளமான மேசை. நடுவில் இயக்குநர் அம்மா. சுவரில் பெரிய திரை. முதலில் என்னை வட்டம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். நாடா ஒட்டாத ஒரே பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து வைத்தார்கள். நான் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன். திரையில் வட்டம் வந்தது. ஒப்புநோக்கர் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவை. மெதுவா," என்றார் இயக்குநர்.

மெதுவாகச் செய்தேன். குழுவில் சிலர் எண்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது விழிப்பு அதிகாரிக்குத்தான் முதலில் உறைத்தது.

"மேடம், இப்ப இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து எல்லோரும் கொஞ்சம் விலகி உட்கார்ந்தார்கள். வெகுநேர ஆலோசனைக்குப் பிறகு, குழு உறுப்பினர்கள் சற்று முன் கண்டதை மறந்துவிட்டதாக ஒரு உறுதிமொழி தயாராயிற்று. எல்லோரும் எழுந்து நின்று வலது கையைத் தூக்கி, பூஜ்யம் ஒன்று ஏழு ஆறு என்பதை மறந்துவிட்டோம் என்று உரக்கச் சொன்னார்கள். எண்ணைச் சரியாகச் சொல்லாத ஒருவரை, சரியாகச் சொல்லி மறக்கும்படி திருத்தினார்கள்.

அடுத்து குளிரறை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"இந்த நிறுவனத்தோட அஸ்திவாரமே நம்பிக்கைதான். அதைக் காப்பாத்தணும்னுதான் நாங்க யாரையும் நம்புறதில்ல. ஒரு மெஷின் கெட்டுப்போறது தப்பில்ல. அது இயற்கை. ஆனா உத்தரவு இல்லாம ஒண்ணு சரியாப்போறது இருக்கே, அது ஆபத்து. இன்னிக்கு ஒரு குளிரறை தானா சரியாகும். நாளைக்கு இன்னொண்ணு சரியாகும். இப்படியே எல்லாம் சரியாயிட்டா, இவங்கல்லாம் எதுக்குய்யா மேல உக்காந்திருக்காங்கன்னு ஒருத்தன் கேப்பான். கேட்டா என்ன சொல்றது? நானும் யோசிச்சுப் பாத்துட்டேன், எனக்கே பதில் கிடைக்கல."

எல்லோரும் தலையாட்டினார்கள். விழிப்பு அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு இதுதான். பழுதுபார்க்கும் உத்தரவு முறைப்படி வெளியாகும்போது, பார்ப்பதற்குப் பழுது இருந்தாக வேண்டும். ஆகவே குளிரறையை அணைத்து, பழைய பதின்மூன்றுக்கே கொண்டுவர வேண்டும். அந்தக் கட்டளையை நானே என் மைத்துனனுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்.

"மேடம், அணைச்சா மருந்து கெட்டுப்போயிடும். ஜனங்களுக்குப் போடுற ஊசி மேடம்."

"கெட்டுப்போனா யார் காரணம்னு கண்டுபிடிக்கத்தான் விழிப்புப் பிரிவு இருக்கு. நீங்க ஏன் கவலைப்படுறீங்க?" என்றார் இயக்குநர். விழிப்பு அதிகாரி குனிந்து, கிடங்குக் காப்பாளர் என்று இப்போதே எழுதி வைத்துக்கொண்டார். மாமனும் மைத்துனனும் விசாரணை முடிகிற வரை நேரிலோ தொலைபேசியிலோ பேசக் கூடாது என்றும் சொன்னார்கள். கிடங்கு வாசலில் காவலாள் போட்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு நான் தட்டப்போகிற கடிதத்தால் மருந்து கெடும், அவன் வேலை போகும். தட்டாவிட்டால் என் வேலை போய், வேறு ஒருத்தர் தட்டுவார். மைத்துனன் வேறு பயந்த சுபாவம். எழுத்தில் ஒரு கட்டளையைப் பார்த்துவிட்டால் கை தானாகப் போய் அணைத்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமனும் மச்சானும் பேசக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க? அக்காவும் தம்பியும் பேசக் கூடாதுன்னு இருக்கா?"

"இல்ல."

"இருக்காது. பொம்பளைங்க என்ன பேசிடப் போறாங்கன்னு நினைப்பு. சரி, உங்க ஆபீஸ்ல எந்த வார்த்தையைப் பாத்தா ஒருத்தரும் ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டாங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "மேலிட உத்தரவுப்படி."

"அப்ப அதுதான். அந்த வார்த்தை இருக்கிற மெயில் வந்தா, அதுல சொன்னதைச் செய்யாதேன்னு நான் அவன்கிட்டச் சொல்லிட்டு வர்றேன். செஞ்சிட்டேன்னு மட்டும் பதில் போடட்டும். நீங்களும் வாயைத் திறக்காதீங்க." எழுந்து போனவள் திரும்பி நின்றாள். "அந்த இதய விஷயம் இன்னும் முடியல. அது தனி."

வட்டம் போட்டபோது என் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. அவர்கள் தேடித் தேடிக் கடைசியில் எனக்கு நிஜமாகவே ஒரு ரகசியத்தைக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் தட்டி முடித்தேன். 'மேலிட உத்தரவுப்படி, குளிரறையை உடனே அணைத்துவிடவும்.'

காகிதத்தோடு நானும் மாடிக்குப் போய் ஒப்புநோக்கர் பக்கத்தில் நின்றேன். ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். 'மேலிட' என்று வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு அழுத்தினார். வட்டத்துக்காக அரை நாள் தேடிய அந்த விரல், அந்த இரண்டு வார்த்தைகளை மரியாதையோடு கடந்து போயிற்று. முத்திரை விழுந்தது. ஐயத்துக்கு இடமில்லை.

மத்தியானம் பதில் வந்தது. 'மேலிட உத்தரவுப்படி, குளிரறை அணைக்கப்பட்டது.' இயக்குநருக்குப் பரம திருப்தி. கிடங்கில் குளிரறை ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரமே மருந்து லாரியேறி, போக வேண்டிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பி அக்காவிடம் சொல்லி, அக்கா என்னிடம் சொன்னாள். அன்றைக்குத்தான் நான் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். 'மேலிட உத்தரவுப்படி, வலப்பக்க எண் விசைகளை யாரும் பயன்படுத்தக் கூடாது' என்று இருந்தது. படித்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். பக்கத்து மேசையில் கணக்கு அம்மா சரளமாக எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார். நாடாவின் ஓரம் பிளேடால் சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தார். சுற்றறிக்கையைக் கண்ணால் காட்டினேன்.

"பாத்தேன். மேலிட உத்தரவுப்படின்னு போட்டிருக்கே," என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

எனக்கு எங்கேயோ இடித்தது. பழைய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மேலிட உத்தரவுப்படி மின்விசிறிகள் மாற்றப்படும் என்று ஒன்று. என் தலைக்கு மேல் அதே கிழட்டு விசிறி. மேலிட உத்தரவுப்படி மாடிப்படிக் கைப்பிடி சரிசெய்யப்படும், மேலிட உத்தரவுப்படி பதவி உயர்வுகள் பரிசீலிக்கப்படும் என்று இன்னும் எத்தனையோ. என் பதவி உயர்வும் அதில் ஒன்று. நானும் என் மனைவியும் சமையலறையில் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேனே, இது எத்தனை வருஷமாக, எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்போது எதிர் வாசல் பராமரிப்புப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. எல்லா எழுத்துக்கும் பலகையில் விசை இருந்தது. 'மேலிட உத்தரவுப்படி, தங்கள் கிடங்கின் குளிரறை உடனடியாகப் பழுதுபார்க்கப்படும்.'

எட்டிப் பார்த்தேன். பராமரிப்புப் பிரிவில் எல்லோரும் நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நல்லவேளை, தெருமுனை அண்ணன் முன்னமே வந்துபோயிருந்தார்.